கடலப்பா நானில்லை, சவரி

என் சவரிக்கு, என் மகள் டெல்சிக்குத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்ற என் கும்பாதிரிக்கு,

நாளையோடு நீ போய் ஒரு வருடம். காலைப் பூசையில் உன் பெயரை வாசிப்பார்கள். உன் வீட்டுக்காரி புஷ்பம் நேற்றே கோயிலில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் நண்பனுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். நான் தலைமையாசிரியருக்கு லீவு லெட்டர் எழுதி வைத்துவிட்டு வந்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே கடிதம். நீ எட்டாவதோடு கடலுக்குப் போய்விட்டாய். உன்னைவிட நான் அதிகம் படித்த அந்த இரண்டு வருடத்தை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். டெல்சி ஃபோனில் நடத்துகிற பக்கத்தில் இது அப்படியே வரப்போகிறது. உன்னை அறியாத ஆயிரம் பேரும் படிப்பார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே செய்தி என்றால், எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. லோடு ஆட்டோவுக்குப் புது டயர் மாற்றியாயிற்று. நாம் உட்காரும் டீக்கடையில் இன்னும் இரண்டு டீ சொல்லிவிட்டுத்தான் ஒன்றை வேண்டாம் என்கிறேன். கடை அண்ணாச்சியும் ஒன்றும் கேட்பதில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். டெல்சி கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சங்கிலும் சிப்பியிலும் கம்மலும் கொண்டை ஊசியும் செய்ய உட்கார்ந்தாள். நீ கொண்டுவரும் சங்கில் உடைந்தது, ஓட்டை விழுந்தது எல்லாம் அவளுக்கு. நல்ல வேலைப்பாடு. ஆனால் யாரும் வாங்கவில்லை. அப்புறம் ஃபோனில் ஏதோ வகுப்பில் சேர்ந்து படித்துவிட்டு வந்து சொன்னாள்:

"அப்பா, பொருளுக்காக யாரும் வாங்க மாட்டாங்களாம். பொருளுக்குப் பின்னால ஒரு ஆள் வேணும். அந்த ஆளத்தான் வாங்குவாங்களாம்."

முதலில் உன்னைத்தான் கேட்டாள். நிஜமாகவே கடலுக்குள் முங்கிச் சங்கு எடுக்கிறவன் நீ. உன் படத்தைப் போட்டு, உன் கதையைச் சொல்லி விற்கலாம் என்று அவளுக்கு ஆசை. நீ மாட்டேன் என்றுவிட்டாய். நீ சொன்ன காரணம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"எங்க அப்பாவ எடுத்த ஒரே போட்டோ கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லதான் வந்துச்சு. எனக்கு அது வேண்டாம் மக்கா. ஒங்க அப்பன் மூஞ்சியப் போடு. தாடி வச்சிருக்கான், சும்மாதான இருக்கான்."

எனக்கு நீச்சல் தெரியாது. துறைமுகத்தில் நின்று கப்பலைப் பார்த்தாலே குமட்டும். கடற்கரைக்காரன் ஒருத்தன் இப்படிப் பிறக்க முடியுமா என்று என்னைப் பெற்றவளே கேட்டிருக்கிறாள். அந்த ஆளுக்கு நீ உன் முகக்கண்ணாடியை நெற்றியில் மாட்டினாய், சங்கு போடுகிற வலைப்பையை இடுப்பில் கட்டினாய், வாளியில் கடல் தண்ணீரை மொண்டு என் தலையில் ஊற்றினாய். இடுப்பளவு தண்ணீரில் நிற்கவைத்துப் படம் எடுத்தாள் டெல்சி. ஒரு சின்ன அலை வந்தது, நான் முங்கிவிட்டேன். நீதான் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாய். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது.

அந்தப் படம்தான் எல்லாப் பெட்டியிலும் போனது. பக்கத்துக்குக் 'கடலப்பா' என்று பெயர் வைத்தாள். பெங்களூர், சென்னை, மலேசியா என்று பார்சல் போக ஆரம்பித்தது. ஊரில் நீ என்னைக் "ஏலே கடலப்பா" என்று கூப்பிட, டீக்கடையே கூப்பிட்டது.

படம் மட்டும் என்றால் பரவாயில்லை. வாங்குகிறவர்கள் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் என்ன பேசுவேன்? சாயங்காலம் நீ டீ குடித்துக்கொண்டே சொன்னதையெல்லாம் மறுநாள் நான் சொன்னேன். மணலில் சங்கு நடந்த கோடு இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் சங்கு இருக்கும் என்று நீ சொன்னது. கீழே ஒரு சத்தமும் இருக்காது, உன் மூச்சுச் சத்தம் மட்டும் பக்கத்தில் எவனோ குறட்டை விடுகிற மாதிரிக் கேட்கும் என்று சொன்னது. படகிலிருந்து குழாயில் வருகிற காற்றில் டீசல் வாசனை இருக்கும், கரைக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டாலும் டீசல் குழம்புதான் என்று சொன்னது. எல்லாவற்றிலும் 'சவரி' என்ற இடத்தில் 'நான்' என்று போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் என் உழைப்பு.

நீயும் பார்த்துச் சிரித்தாய். "என்னயவிட நல்லா முங்குதியேலே" என்றாய். அன்றைக்கே இது போதும், நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கேட்கத்தான் முடிகிறது. பதிலை நான் எங்கே வாங்குவது?

அந்த நாளுக்கு வருகிறேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் என்னை உட்காரவைத்து டெல்சி லைவ் போட்டிருந்தாள். கடலுக்குள் ஆபத்து வந்தால் எப்படித் தப்பிப்பீர்கள் என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறந்தபோது சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். 'சவரி வீடு' என்று இருந்தது. கேஸ் சிலிண்டர் எடுத்துவரச் சொல்லப் புஷ்பம் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. "வீட்டுக்காரி கூப்பிடுதா. கடலுக்குள்ள இருக்கிற நிம்மதி கரையில இல்ல பாத்துக்கிடுங்க" என்று அளந்துவிட்டேன். நிறையப் பேர் சிரித்தார்கள், இதயம் இதயமாக மேலே பறந்தது. மூன்றாவதும் கட் பண்ணினேன். நாலாவது அடித்தபோது ஃபோனையே அணைத்துவிட்டேன்.

படகில் காற்று இயந்திரம் நின்றுபோய், ஆழத்திலிருந்து நின்று நின்று வரவேண்டிய நீ ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறாய். கரைக்குக் கொண்டுவந்தபோது இரண்டு காலிலும் உணர்வில்லை. ஆட்டோவில் உன்னை உட்காரவைக்க முடியவில்லை, படுக்கவைக்க லோடு வண்டி வேண்டும். என் வண்டி இரண்டு தெரு தள்ளி, வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. கடைசியில் ஐஸ் ஏற்றிவந்த மீன் வண்டியைக் காலி பண்ணி உன்னைக் கிடத்தினார்களாம். எவ்வளவு நேரம் போயிற்று என்று புஷ்பம் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது உனக்குப் பேச்சு இருந்தது. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாய்:

"லைவ் முடிஞ்சிட்டா, கடலப்பா?"

நீ கேலியாகக் கேட்டாயா, வருத்தத்தில் கேட்டாயா? ஒரு வருடமாக அந்தக் குரலைத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன். இரண்டு மாதிரியும் கேட்கிறது. டாக்டர், இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் நீ போய்விட்டாய்.

போஸ்டருக்கு உன் படம் இல்லை. ஆதார் அட்டையில் இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். அதில் நீ ஆடு திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி இருக்கிறாய், உனக்கே தெரியும். கடைக்காரர் அதைப் பெரிதாக்கிக்கொண்டே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க கடலப்பாதான? எங்க வீட்ல ஒங்க கம்மல்தான் போடுதா" என்று சொல்லி, செல்ஃபி ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்றார். பின்னால் கம்ப்யூட்டரில் உன் முகம். முன்னால் நான். நான் நின்றேன், சவரி. பழக்கத்தில் சிரிக்கக்கூடச் செய்தேன்.

அதோடு விட்டிருந்தால் நான் மனிதன். ஒரு மாதம் கழித்து, பக்கம் படுத்துக்கொண்டது, ஆர்டர் நின்றுபோயிற்று என்று டெல்சி அழுதபோது மறுபடியும் போய் வள்ளத்தில் உட்கார்ந்தேன். "எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். அவனும் என்ன மாதிரி முங்குறவன். கடல் கொண்டுபோயிட்டு" என்று சொன்னேன். கண்ணீர் நிஜம். மற்றதெல்லாம் பொய். அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

அதைப் பார்த்துத்தான் பெங்களூரில் ஒரு பெரிய கடையிலிருந்து கூப்பிட்டார்கள். டெல்சி செய்கிறதையெல்லாம் அவர்கள் கடைகளில் வைக்கிறார்களாம். என் படம் வாசலில் பெரிதாக நிற்குமாம். செத்துப்போன நண்பன் கதையை இன்னும் கொஞ்சம் நீளமாகச் சொல்லி ஒரு வீடியோ வேண்டுமாம். மூன்று வருடமாக விரல் கிழியக் கிழியச் சங்கு அறுத்தவளுக்கு வந்த பெரிய வாய்ப்பு இது. அவளோடு உட்கார்ந்து வேலை செய்கிற மூன்று பெண்களுக்கும் அதுதான் சோறு. அவள் என்னை வற்புறுத்தவில்லை. "ஒங்க இஷ்டம்ப்பா" என்று மட்டும் சொன்னாள். சரியென்று சொல்லத்தான் நினைத்தேன். உன்னிடம் மறைக்க முடியாது, சரியென்று சொல்லிவிடவே நினைத்தேன். அதற்கு முன்னால் புஷ்பத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று டெல்சி சொன்னாள்.

இரண்டு பேரும் போனோம். புஷ்பம் அதுவரை அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லையாம். "காட்டு, எல்லாத்தையும் பாக்கேன்" என்றாள். அரிசி புடைக்க எடுத்த சுளகைக் கீழே வைத்துவிட்டு, ஃபோனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்துவைத்துப் பார்த்தாள். லைவ் வந்தது. நான் ஃபோனை எடுத்துப் பார்ப்பது, கட் பண்ணுவது, சிரிப்பது எல்லாம் வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது நான் கூப்பிட்டது" என்றாள். கொஞ்சம் கழித்து, "இதுவும்." நாலு தடவையும் சொன்னாள். சத்தம் போடவில்லை.

அடுத்தது வந்தது. என்ன மாதிரி முங்குறவன் என்று நான் சொன்ன இடத்தில் நிறுத்தினாள்.

"ஒங்கள மாதிரியா, அண்ணே?"

எல்லாத்தையும் அழித்துவிடுகிறோம், இன்றைக்கே பக்கத்தையே மூடிவிடுகிறோம் என்று டெல்சி அழுதுகொண்டே ஃபோனை எடுக்கப் போனாள். புஷ்பம் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அழிச்சிராதிய. எங்கிட்ட அவுக குரல் ஒண்ணுகூட இல்ல. இதுல இருக்கது அவுக பேச்சு. கோடு புடிச்சிப் போவேன்னு சொல்லுததும், டீசல் கொழம்புன்னு சொல்லுததும் அவுக சொல்லுத மாதிரியேதான் இவுக சொல்லுதாவ. நீங்க எடுத்துக்கிட்டது அவுக பேர மட்டுந்தான். அதத் திருப்பி வச்சிருங்க, போதும்."

என்னை மன்னித்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் சுளகை எடுத்துக்கொண்டாள். அது எனக்குத் தெரியாதண்ணே, அதைக் கேட்டு இங்கே வராதீர்கள் என்றாள். அன்றைக்கு எங்களுக்கு அவள் டீ போடவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

பெங்களூர்க்காரர்களுக்கு டெல்சி உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டாள். இது எங்களுக்குச் சரிப்பட்டு வராது என்று நேற்றுப் பதில் வந்தது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அறுக்க உட்கார்ந்தாள். இந்தக் கடிதம் வெளியே போனதும் இன்னும் எத்தனை பேர் போவார்களோ தெரியாது. ஏமாற்றுக்காரன் என்று எழுதுவார்கள். எழுதட்டும், அதில் பொய் இல்லை. உன் ஞானமகள் இனி என்ன செய்வாள் என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உனக்கு அங்கே யாரிடமாவது சொல்ல முடிந்தால் சொல்லி வை.

பெட்டிக்குள் போடுகிற அட்டையை மாற்றியாயிற்று. என் மூஞ்சி போயிற்று. உன் மூஞ்சியும் இல்லை, உனக்குப் பிடிக்காதே. 'மணலில் சங்கு நடந்த கோடு இருக்கும். சொன்னது சவரி, சங்கு முங்கியவர்' என்று மட்டும் இருக்கிறது. அந்த வரியைப் புஷ்பம்தான் எடுத்துக் கொடுத்தாள்.

நாளைப் பூசை முடிந்ததும் அதே வள்ளத்தில் போய் உட்காருவேன். கடைசித் தடவை. நெற்றியில் கண்ணாடி இருக்காது, அதைப் புஷ்பத்திடம் கொடுத்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது, நான் லோடு வண்டி ஓட்டுகிறவன், இதுவரை கேட்டதெல்லாம் இன்னொருத்தன் வாழ்ந்தது, அவன் வீட்டிலிருந்து கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை என்று என் வாயால் சொல்வேன். ஃபோன் என் மடியில், சத்தமாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருக்கும். அடித்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எடுப்பேன். இனி எந்த ஃபோன் அடித்தாலும் எடுப்பேன். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் எடுப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

எவ்வளவு நேரம் அடித்தாலும் அதில் 'சவரி வீடு' என்று வந்து நீ பேசப்போவதில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
டெல்சிக்கு நீ ஞானத்தகப்பன் என்பதால் உனக்குக் கும்பாதிரியான,
தரையில் மட்டுமே நிற்கத் தெரிந்த,
அருளப்பன்