பின் சீற்றில் ஆளிருந்தால் இழுக்காத கார்

களுவாஞ்சிக்குடி,
ஆடி, இரண்டாம் வெள்ளி.

என் மகன் நிலோஜனுக்கு அம்மா எழுதுவது. கண்ணகை அம்மன் காவலில் இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகமென்றுதான் போனில் சொல்கிறாய், ஆனால் போன கிழமை உன் தொண்டை கரகரத்தது எனக்குக் கேட்டது, அந்தக் குளிர் மெஷினுக்கு நேரே படுக்காதே. போனில் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ ம், ம் என்று கேட்டுக்கொண்டு வேறு வேலை பார்ப்பாய், அது எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. காத்தான்குடி ஹஸீனா லீவு முடிந்து நீ இருக்கிற கட்டாருக்குத் திரும்புகிறாள், அவளிடம் இதையும் ஒரு போத்தல் ஊறுகாயையும் கொடுத்துவிடுகிறேன். விசயம் காரைப் பற்றியது. முழுக்க வாசிக்கும்வரை விற்கிற கதை வேண்டாம்.

நீ எடுத்துத் தந்த வெள்ளைக் கார் மாசி அறுவடைக்குப் பிறகுதான் இப்படிப் பழகியது. நின்ற இடத்தில் நன்றாக உறுமும், மெதுவாகப் போனால் ஒரு குறையும் காட்டாது. மருமகன் சுதாகரன் வேகம் எடுக்கக் காலை அழுத்தினால் மட்டும் விக்கல் வந்த பிள்ளை மாதிரி ஒருக்கால் அடங்கி, பிறகு திடீரென்று பாயும். ஆரையம்பதியில் பஸ்ஸை முந்தப்போய் நடுறோட்டில் விக்கியது, எதிரே லொறி. உன் தங்கச்சி கம்சாயினி பின்னால் என் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அதைக் கேட்டுத்தான் நீ வித்துப்போடுங்க, வாங்க ஆளும் பாத்திட்டன் என்றாய். உன்னில் பிழையில்லை. ஆனால் அவளுக்கு ஆவணியில் பிள்ளை, முதல் பிள்ளைக்கு வயிறு வெட்டின உடம்பு, இதற்கும் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். காரை விற்றால் நோவெடுக்கிற நேரம் அவளை எதில் ஏற்றுவது, ஆட்டோவிலா.

மருமகன் பெற்றோலில் தண்ணி என்றார். பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளை கண்ணூறு என்றாள், காரை வாசல்ல நிப்பாட்டாதங்க எண்டு நான் சொல்லேல்லயா என்றும் கேட்டாள். கண்ணூறென்றால் முதல் கண் அவளுடையதுதான். காத்தான்குடியில் கார் திருத்துகிற றம்ஸீனிடம் கொண்டுபோனோம். பிளக் மாற்றினான், காற்று வடிகட்டியைத் துப்புரவாக்கினான், கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்தான், அது ஒரு பிழையும் இல்லையென்றது. தனியே கல்லடிவரை ஓட்டிக்கொண்டு வந்து, அம்மா, காருக்கு ஒண்டுமில்ல, உங்கட மருமகன்ட காலுக்குத்தான் வருத்தம் என்று சிரித்தான். மருமகனின் முகம் சுருங்கிப்போயிற்று.

அது எனக்குப் பொறுக்கவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் ஆர் எங்கே சிரித்தார்கள் என்பது மட்டும் எனக்கு மறக்காது. அங்கேயே வாங்குப் பலகையில் இருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். செட்டிபாளையம் கலியாணத்துக்குப் போக விக்கியது, பின்னால் நானும் இலட்சுமிப்பிள்ளையும், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிளினிக்குக்குப் போக விக்கியது, பின்னால் நானும் கம்சாயினியும். பாசிக்குடா ஹோட்டல் வேலைக்கு மருமகன் தனியே போகிற நாட்களில் ஒன்றுமில்லை. நான் பல்லு டொக்டரிடம் காட்ட முன் சீற்றில் இருந்து போனேன், அன்றைக்கும் ஒன்றுமில்லை. தம்பி, நான் பின்னுக்கு ஏறுறன், நீ ஓட்டு என்று றம்ஸீனிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் எடுத்தான், காலை அழுத்தக் கார் விக்கியது, அதோடு சிரிப்பும் நின்றது. இடப்பக்கம் தள்ளியிருந்தேன், விக்கவில்லை. திரும்ப ஓட்டுகிறவருக்குப் பின்னால் வந்தேன், விக்கியது. என் உடம்பில்தான் ஏதும் தோசமோ என்று பார்க்க, படலையடியில் நின்ற அவன் உம்மா உம்மு குல்தூமைக் கூப்பிட்டேன். அவ என்னிலும் ஒன்றரை மடங்கு. எனக்கென்னத்துக்குகா இந்த வயசில சோதினை என்று சொல்லிச் சொல்லி ஏறினா. அவவுக்கும் விக்கியது. பிறகுதான் மனம் ஆறியது.

றம்ஸீன் பின் சீற்றைக் கழற்றினான். பெற்றோலை மேலே தள்ளுகிற மோட்டார் அதற்கு அடியில்தான் இருக்கிறது, எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அதற்குப் போகிற வயர் சீற்றின் கம்பிக்குக் கீழே நசிந்து தோல் உரிந்து கிடந்தது. காலை அழுத்தினால் கார் முன்னுக்குப் பாயும், பின்னால் இருக்கிற ஆள் சீற்றோடு அமுங்கும், கம்பி வயரை நசிக்கும், பெற்றோல் தேவைப்படுகிற அந்த நேரம் பார்த்து மோட்டார் சோர்ந்துபோகும். அவ்வளவுதான். வயரைச் சுற்றி நெல்லும் பதரும் கிடந்தன. இது காரா உழவு மெஷினா, இந்தச் சீற்றைக் கழட்டினது ஆர் என்று கேட்டான். மருமகன் என்னைப் பார்த்தார். மாசியில் படுவான்கரை வயல் வட்டையிலிருந்து நெல் ஏற்ற உன் மாமன் வினாயகமூர்த்தியின் உழவு மெஷின் மட்டும்தான் சும்மா நின்றது. என் கூடப்பிறந்தவன்தான். ஆனால் உன் அப்பாவின் முப்பத்தோராம் நாள் இலையில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு, ஹயர் ஓட்டம் இருக்கு எண்டு எழும்பிப் போனவன். பச்சைச் சேட்டுப் போட்டிருந்தான். அவன் மெஷின் என் நெல்லைத் தொடக்கூடாது என்று நான்தான் சீற்றைக் கழற்றி மூட்டைகளைக் காரில் ஏற்றுவித்தேன். திருப்பிப் பூட்டும்போது வயர் கம்பிக்குள் அகப்பட்டிருக்கிறது. அதற்காக உன் மாமன் செய்தது சரியென்று ஆகாது.

றம்ஸீன் வயரை வெட்டிப் பொருத்தி, டேப் சுற்றி, கம்பி படாமல் ஒதுக்கிக் கட்டியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு நானும் கம்சாயினியும் பின்னால்தான் இருந்து போனோம். கல்லடிப் பாலத்தில் மருமகன் காலை அழுத்த அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. திரும்பி வரும்போது என் தோளில் நித்திரையாகிவிட்டாள். இனி அந்த வாங்கிற ஆளுக்கு இல்லையென்று சொல்லிவிடு.

பிள்ளை பிறக்கும்வரை அந்தச் சீற்றில் ஒருவரும் கைவைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஆவணியில்தான் வயல் வெட்டும் வரும், அப்ப நெல்லை ஆரம்மா ஏத்துற என்று கம்சாயினி கேட்டாள். உன் மாமனுக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். மெஷினைக் கொண்டுவரட்டும், கூலியோடு சோறும் போடுவேன். இலை வெறுமையான பிறகுதான் எழும்ப விடுவேன், எதிரே இருந்து பார்ப்பேன். கதைக்க மாட்டேன்.

அம்மன் உன்னைப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் காக்கட்டும். ஊறுகாய்ப் போத்தலுக்குள் ஈரக் கரண்டி போடாதே.

உன்னை எந்நேரமும் நினைத்திருக்கும் அம்மா,
தெய்வானைப்பிள்ளை