கால் வளைந்த நாற்காலி

அன்புள்ளவளுக்கு,

நீ உன் அம்மா வீட்டுக்குப் போன மறுநாளிலிருந்து, காலை ஐந்தரைக்கு உன் ஜெப நாற்காலியில் நான் உட்காருகிறேன். சிரிக்காதே. இரும்புக் கால் வளைந்ததால் அது ஆடுகிறது. உன்னைப் போல் ஜெபிக்க எனக்கு வரவில்லை. உன்னைப் பற்றிக் கர்த்தரிடம் குறைதான் சொன்னேன். மூன்று வாரம் அதுவே ஓடியது.

நேற்று சொல்ல ஒரு குறையும் மிச்சமில்லை. எழுந்திருக்கவும் மனம் வரவில்லை. "அவ ஜெபம் பண்ணிட்டிருந்தப்ப நாற்காலிய உதைச்சேன், ஆண்டவரே" என்றேன். அவருக்குத் தெரியாததா? வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

இன்று நாற்காலியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காலை நிமிர்த்தி வெல்டிங் வைத்துவிட்டேன். இனி ஆடாது. நீ வந்து உட்கார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்