பெரியவனும் சின்னவனும் விலைக்கு

மார்ச் 4, செவ்வாய்

இவர் இன்று தானே எழுந்து தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டார். முன்பெல்லாம் இதைக் கவனித்திருப்பேனா? இப்போது ஒவ்வொரு பொத்தானுக்கும் மனசுக்குள் ஒரு நன்றி சொல்கிறேன்.

பத்து மணிக்குப் படகுத்துறைக்காரர் போன் பண்ணினார். மழைக்காலம் வருமுன் பாய்மரப் படகை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போகிறீர்களா, இல்லை தண்ணீரில் இறக்குகிறீர்களா, இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது என்றார். போனை இவர் காதில் வைத்தேன். கேட்டுவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"வித்துடு" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாரடைப்பு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நடக்கலாம், படி ஏறலாம், படகில்கூடப் போகலாம், மோட்டாரைக் கிளப்புகிற அந்தக் கயிற்றை மட்டும் இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனுஷன் துறைப்பக்கமே போகவில்லை. பேச்சும் பாதியாகக் குறைந்துவிட்டது.

அந்தப் படகை நாற்பது வருஷமாக என் சக்களத்தி என்றுதான் சொல்லி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அவளுக்கு, மிச்ச நாள் எனக்கு. இன்று அவளை விற்கச் சொல்கிறார், எனக்கு அழுகை வருகிறது. சக்களத்திக்காக அழுத முதல் பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 6, வியாழன்

முடிவு பண்ணிவிட்டேன். படகு இருக்கும். மோட்டார்கள் போகும்.

பின்கட்டு ஷெட்டில் இரண்டு இருக்கின்றன. படகின் பின்புறம் மாட்டுகிற பெரியவன். கரையிலிருந்து படகு வரை போய்வரும் குட்டித் தோணிக்கு மாட்டுகிற சின்னவன். இரண்டும் பழைய போர்வை போர்த்திக்கொண்டு, சட்டத்தில் தொங்கிக்கொண்டு, விருந்துக்கு வந்து போகாத சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கின்றன. இரண்டையும் நல்ல விலைக்குத் தள்ளினால் ஒரு பேட்டரி மோட்டார் வாங்கலாம். கயிறே கிடையாதாம், பொத்தானை அமுக்கினால் ஓடுமாம். பேத்தி போனில் காட்டினாள்.

"கயிறு இழுக்க உன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டா வரமாட்டாரா? எதுக்கு விக்கணும்?" என்று மகள் கேட்டாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் காது கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பழைய மோட்டார் வாங்கி விற்கும் சங்கிலிக்காரர் வந்தார். கழுத்தில் அதே தடிச் சங்கிலி. பதினாறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் நங்கூரக் கயிற்றை இரவல் வாங்கி, ஒரு முழம் குறைத்துத் திருப்பிக் கொடுத்த ஆள். அவர் மறந்திருக்கலாம். அந்த ஒரு முழம் என் கண்ணிலேயே நிற்கிறது.

போர்வையை விரல்நுனியால் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு வருஷமா ஓட்டலையாம்மா? போச்சு. உள்ளே உப்பு அரிச்சிருக்கும். கார்புரேட்டர்ல பெட்ரோல் பிசினா ஒட்டியிருக்கும். அதுவும் இந்தப் பெரிசு நீளக் கால் மோட்டார், தண்ணிக்குள்ள இறங்கற பாகம் நீளம். தாழ்ந்த தோணிக்கு ஆகாது. பாய்மரக்காரன்தான் வாங்கணும். அவனுங்க எத்தனை பேரு இருக்கான்?"

"அப்போ என்ன விலை?"

"எடைக்கு எடுத்துக்கறேன்."

எடைக்கு! பழைய பேப்பரா?

"உங்க சங்கிலியையும் எடைக்குத்தானே எடுப்பாங்க? அதை முதல்ல போட்டுட்டு வாங்க" என்றேன். ஜன்னலுக்குள் இவர் இருமினார். இருமலா, சிரிப்பா? தெரியவில்லை.

ஆனால் அவர் போனபிறகு நானே போய்ப் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். உப்பு அரித்தது உண்மையாக இருந்தால்? எடை விலைக்குப் பேட்டரி மோட்டாரின் மூடிகூட வராது. பிறகு படகும் போகும். இவர் அந்த ஜன்னலிலேயே உட்கார்ந்து…

எழுத வேண்டாம்.

மார்ச் 12, புதன்

இன்று நான் ஒரு காரியம் பண்ணினேன்.

சின்னவனைக் கேட்டு ஒரு ஆள் வந்தார், ஏரியில் தூண்டில் போடுகிறவராம். ஓடிக் காட்டினால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் புதுப் பெட்ரோல் வாங்கி ஊற்றினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் கயிற்றை இழுத்தார். ஐந்தாவது இழுப்பில் இருமிக்கொண்டு பிடித்துக்கொண்டது. ஷெட்டே அதிர்ந்தது. "பாத்தீங்களா, சிங்கம் மாதிரி கத்துது!" என்று நான் கை தட்டுகிறேன், ஜன்னலிலிருந்து ஒரு குரல்:

"நிறுத்து! நிறுத்துடீ! தண்ணி இல்லாம ஓட்டறியே, படுபாவி!"

இரண்டு வருஷத்தில் இவர் இவ்வளவு சத்தமாகப் பேசவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஷெட்டுக்கு வந்து நின்றார். கடல் தண்ணீரோ டிரம் தண்ணீரோ, கால் முங்கியிருந்தால்தான் அது ஓட வேண்டுமாம். உள்ளே ஒரு ரப்பர்ச் சக்கரம் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்குமாம். வறட்டில் ஓட்டினால் அது தீய்ந்துபோகுமாம். தீய்ந்த வாசனை எனக்கே வந்தது.

தூண்டில்காரர் நழுவிவிட்டார்.

"நாப்பது வருஷம் ஒரு மோட்டார்க்காரனோட குடித்தனம் பண்ணிட்டு இது தெரியாதா உனக்கு?"

"நீங்க எங்கே என்னைப் படகுல ஏத்துனீங்க, தெரியறதுக்கு?"

கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு ரப்பர்ச் சக்கரம் போனால் போகட்டும். இந்தச் சிரிப்புக்கு நான் பத்துச் சக்கரம் தீய்ப்பேன்.

மார்ச் 13, வியாழன்

சத்தம் போட்டதில் ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு நன்றாக இருக்கிறது. இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

படகுத்துறையிலிருந்து மெக்கானிக் வந்தாள். சின்ன வயசுப் பெண், தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். என்னைப் பாட்டி என்றாள். போகட்டும், நல்ல பெண்.

சின்னவனுக்குச் சக்கரம் மாற்றினாள். பெரியவனின் காலில் ஒரு திருகாணியைத் தளர்த்தி எண்ணெயை விரலில் தொட்டுக் காட்டினாள். "தண்ணி புகுந்திருந்தா பால் மாதிரி வெளுத்திருக்கும் பாட்டி. இது தேன் மாதிரி இருக்கு." பிறகு மாவு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, பெரியவனின் காலை அதில் முக்கி, புதுப் பெட்ரோல் குழாயை மாட்டினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். படகு இருக்குமா போகுமா என்பது அந்தக் கயிற்றில்தான் தொங்கியது.

இரண்டாவது இழுப்பு. பிடித்துக்கொண்டது! பின்னால் இருக்கும் சின்னத் துவாரத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து என் சேலையை நனைத்தது. அதுதான் நல்ல அடையாளமாம், வழி அடைக்கவில்லை என்று அர்த்தமாம். நனைந்தபடியே நின்றேன்.

மெக்கானிக்குக்கே ஆச்சரியம். "கடைசியா நிறுத்தினவரு பொறுமைசாலி பாட்டி. நல்ல தண்ணியில ஓட்டி உப்பைக் கழுவியிருக்காரு. அப்புறம் பெட்ரோல் குழாயைக் கழட்டிட்டு, தானா அணையற வரைக்கும் ஓட விட்டிருக்காரு. உள்ளே ஒரு சொட்டு பெட்ரோல் தங்கலை. அதான் பிசின் பிடிக்கலை. தாத்தா பண்ணதா?"

இவர் என்னைப் பார்த்தார். மாரடைப்பு வந்த அன்றைக்கு நடந்தது எதுவும் இவருக்கு ஞாபகமில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

"இல்லை" என்றேன். "எங்க மாப்பிள்ளை."

மார்ச் 17, திங்கள்

அந்த நாளை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

கடலில், படகிலேயே இவர் சாய்ந்துவிட்டார். காற்றும் செத்துப்போய், மாப்பிள்ளைதான் மோட்டாரில் படகைக் கரைக்குக் கொண்டுவந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. தகவல் வந்து நான் துறைக்கு ஓடினேன், ஆம்புலன்ஸ் அங்கே காத்திருந்தது. இவரை ஏற்றினார்கள், நான் ஏறினேன். "ஏறுங்க மாப்பிள்ளை" என்றேன். "நீங்க போங்க அத்தை, பின்னாடியே வரேன்" என்றார். கதவு சாத்தும்போது பார்த்தேன், படகுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இங்கிலீஷ் பேப்பரை நீட்டினார்கள். நாலாம் வகுப்பு படித்தவள் நான். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டேன். ரொம்ப நேரம் கழித்து மாப்பிள்ளை வந்தார். கையெல்லாம் பெட்ரோல் நாற்றம். "மோட்டாரைக் கழுவிட்டு வந்தேன் அத்தை" என்றார்.

மாமனார் உயிருக்குப் போராடுகிறார், மருமகன் மோட்டாரைக் கழுவுகிறார்! அன்றிலிருந்து "வாங்க", "சாப்பிடுங்க", இந்த இரண்டு வார்த்தை மட்டும்தான் அவருக்கு.

அந்தக் கழுவலால்தான் இன்று மோட்டார் உயிரோடு இருக்கிறது. இதை நான் எந்தப் பக்கம் வைப்பது?

மார்ச் 22, சனி

மாப்பிள்ளையும் மகளும் வந்தார்கள். "வாங்க" என்றேன். பிறகு மூன்றாவதாக ஒரு வார்த்தை சொன்னேன்: "உட்காருங்க." மகள் திடுக்கிட்டுப் போய் என்னையே பார்த்தாள்.

அவள் உள்ளே போனதும் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஏன் வண்டியில ஏறலை?"

மாப்பிள்ளை நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"படகுல படுத்திருந்தப்போ மாமா என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாரு அத்தை. மூச்சே வரலை, ஆனா அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. மோட்டாரைக் கழுவிக் காயவிட்டுட்டு வா, அடுத்த வாரம் எடுக்கணும்னு. விட்டுட்டு ஓடி வந்திருக்கலாம். ஆனா அப்படி வந்தா… இனிமே மாமா படகு எடுக்கமாட்டாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதான் திரும்பிப் போய்க் கழுவினேன்."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மாமா மேல பழி போடற மாதிரி இருக்கும். அப்புறம் நீங்க கேக்கவும் இல்லையே."

உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவருக்கு நல்ல தம்ளரில், இவர் தம்ளரில், காபி கொடுத்தேன். வாங்கும்போது தட்டில் கொஞ்சம் சிந்தியது.

அந்தப் பேப்பரில் தனியாகக் கையெழுத்துப் போட்டதை மட்டும் இன்னும் மனசில் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுக் கொடுத்தால் கை காலியாகிவிடும்.

மார்ச் 30, ஞாயிறு

பேத்தி போட்ட விளம்பரத்தைப் பார்த்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருக்கிறார்களாம். நீளக் கால் மோட்டார் கிடைக்காமல் அலைந்தார்களாம். சங்கிலிக்காரர் குறை சொன்ன அதே கால்தான்!

மாப்பிள்ளை டிரம்மில் ஓட்டிக் காட்டினார். இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து விலை சொன்னார். "பாய்மரக்காரன் மோட்டார் இது. காத்து இருந்தா நான் இதைத் தொட்டதே இல்லை. துறைக்கு வெளியே போக, உள்ளே வர, அவ்வளவுதான் ஓடியிருக்கு. வயசைப் பாக்காதீங்க, உழைப்பைப் பாருங்க."

அந்தப் பெண் சிரித்தாள். "பொண்ணு குடுக்கற மாதிரி பேசறீங்களே."

"அதுக்கும் மேலே. ஓட்டி முடிச்சா கழுவுவீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல."

கழுவுவோம் என்று இருவரும் சத்தியம் பண்ணினார்கள். அதற்குப் பிறகுதான் பேரம். சின்னவனையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். புதுச்சக்கரம் போட்ட கதையை மாப்பிள்ளை மறைக்காமல் சொன்னார். யார் தீய்த்தது என்பதைச் சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

பேட்டரி மோட்டாருக்குப் போதும். கொஞ்சம் மிஞ்சவும் மிஞ்சும்.

ஏப்ரல் 5, சனி

ஷெட் வெறிச்சென்று இருக்கிறது. போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டேன்.

ஏப்ரல் 12, சனி

துறைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். மாமனாரும் மருமகனும் விடிந்ததும் போனவர்கள், வெயில் ஏறும்போது பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். புது மோட்டார் சத்தமே போடவில்லை. தண்ணீர் ஒதுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. இவர் சுக்கான் பிடித்திருந்தார். முகம் கறுத்து, கண் சிரித்து, ஆள் பத்து வயசு குறைந்து வந்தார்.

படகைக் கட்டியதும் குனிந்து, மோட்டார்ப் பக்கம் கையை விட்டு, பெட்ரோல் குழாயைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

"மாமா, இதுக்குக் குழாய் கிடையாது" என்றார் மாப்பிள்ளை.

"சரி, உப்பாவது கழுவணுமில்ல?"

"கழுவணும் மாமா."

இரண்டு பேரும் வாளியில் நல்ல தண்ணீர் மொண்டு வந்து ஊற்ற ஆரம்பித்தார்கள். இண்டு இடுக்கு விடாமல் தேய்த்தார்கள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட வாங்க என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். தூக்குச்சட்டியை நிழலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நன்றாகக் கழுவட்டும். அடுத்த வாரம் எடுக்க வேண்டும்.