ஏழு முட்டைகளும் இவரும்

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. நான்கு நாளாக மழை இல்லை. கீரைப் பாத்திக்கு மூன்று வாளி, மிளகாய்க்கு ஒன்று. தக்காளி நான்கு செடியும் போய்விட்டது. இவர் செய்த வேலை. கோழி எருவைப் பச்சையாக அள்ளி வேரடியில் கொட்டியிருக்கிறார். செடி நல்லா சாப்பிடட்டும் என்கிறார். கல்யாண விருந்தா நடக்கிறது இங்கே.

எழுதி வைத்துக்கொள்ள:
– கோழி எருவை மரத்தூளோடு கலந்து குவித்து மூட வேண்டும். குறைந்தது இரண்டு மாதம். கையை விட்டால் சூடு தெரியக் கூடாது. அப்புறம்தான் செடிக்கு.
– எங்கள் ஜோகூர் பெக்கான் நானாஸ் ஊர் மண் புளிப்பு மண். அன்னாசிக்கு அமிர்தம், வெண்டைக்கு ஆகாது. அடுப்புச் சாம்பல் தூவத் தூவக் காய்க்கிறது.
– அடை வைக்கும் முட்டையைக் கழுவக் கூடாது. (போன தடவை கழுவினேன். பதினொன்றில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. கோழி மேல் பழியைப் போட்டேன்.)

புள்ளிக்கோழி அடை படுத்து ஆறு நாள். ஒன்பது முட்டை. 18ஆம் தேதி வாக்கில் பொரிக்க வேண்டும்.

இவர் தினமும் எல்லை தாண்டிப் போய்வந்த சிங்கப்பூர் வேலை முடிந்து வீட்டோடு தங்கி இன்றோடு ஐந்து வாரம். பாத்திகளுக்கு நம்பர் போட்டு அட்டை குத்தியிருக்கிறார். கத்தரிக்கு B2. தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்த கை சும்மா இருக்காது போலிருக்கிறது.


மார்ச் 5, வியாழன்

மேகம், மழை இல்லை. வெண்டை ஆறு. பாவற்காய் ஒன்று, கோணல்.

பத்து மணிக்கு இவருக்குப் போன். சிங்கப்பூர் சூப்பர்வைசர். புதுப் பையன்களுக்கு அந்தப் பழைய மெஷின் பிடிபடவில்லையாம். இன்னும் ஒரு வருடம் வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். 18ஆம் தேதிக்குள் பதில் வேண்டுமாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று இவர் சொன்னது என் காதில் விழுந்தது. வீட்டில் என்றால் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வந்து சேதியைச் சொன்னார், குழம்பில் உப்பு கம்மி என்றார், சாப்பிட்டு எழுந்தார்.

போகக் கூடாது. இங்கே எழுதுகிறேன். வாயில் வராது.


மார்ச் 7, சனி

சாயங்காலம் சின்னத் தூறல். மண் நனைந்த வாசம் மட்டும்.

மகள் கோலாலம்பூரிலிருந்து பேசினாள். அப்பாவுக்கு வீட்டில் பொழுது போகாது, போகட்டுமே என்கிறாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். பால் அடுப்பிலேயே இல்லை.

அவள் சொன்னதிலும் கொஞ்சம் நிஜம் இருக்கிறது, அதுதான் கோபம். இவர் கேட்டருகே நின்று மெயின் ரோட்டைப் பார்க்கிறார். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரியே நிற்கிறார். பையைத் தோளில் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

அன்னாசிக் கன்று இருபது நட்டோம். நேர்கோடு வேண்டும் என்று கயிறு கட்டினார். அன்னாசிக்கு எதற்கு நேர்கோடு? ஆனாலும் நட்டு முடித்துப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.


மார்ச் 9, திங்கள்

வெயிலா மேகமா பார்க்கவில்லை. மெதுவாக எழுதுகிறேன்.

விடிந்து கோழிக்கூட்டுக்குப் போனால் கதவு திறந்து கிடக்கிறது. புள்ளிக்கோழி இல்லை. வேலியோரம் வரைக்கும் இறகு. முசாங். மரநாய் என்று புத்தகத்தில் எழுதுகிறார்களே, அதேதான். மற்ற கோழிகள் கம்பின் மேல் ஏறித் தப்பியிருக்கின்றன. அடையில் இருப்பது எங்கே ஏறும்? முட்டையை விட்டு எழுந்திருக்காது.

இரண்டு முட்டை உடைந்திருந்தது. ஏழு நல்லபடி இருந்தது. தொட்டால் ஜில்லென்று இல்லை, ஆறின சோற்றுச் சூடு. மடியில் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். இவர் கதவுக் கொண்டி கழன்றிருக்கும் என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வெந்நீர்ப் புட்டியைப் பழைய கைலியில் சுற்றி, நடுவில் முட்டை. இவர் மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் பறந்தார். மீன் கடையில் ஐஸ் போட்டு வைக்கிற வெள்ளை நுரைப்பெட்டி கிடைத்துவிட்டது. பல்புதான் பாடாய்ப் படுத்தியது. இப்போது எல்லாக் கடையிலும் சூடு வராத பல்பு. மூன்றாவது கடையில் சீனக் கிழவர் பரணில் ஏறிப் பழைய கம்பி பல்பு நான்கு எடுத்துக் கொடுத்தாராம். மத்தியானத்துக்குள் பெட்டி தயார்: ஓரத்தில் ஓட்டை, உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர், மீன்தொட்டிக்கு வைக்கிற சூடுமானி. முப்பத்தேழரை டிகிரியில் நிற்க வேண்டும். நிற்கிற வரைக்கும் இவர் சாப்பிட வரவில்லை.

புள்ளிக்கோழி என் கையிலேயே தின்னும்.


மார்ச் 10, செவ்வாய்

வெயில்.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வட்டம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை திருப்ப வேண்டும். அட்டையில் தாள் குத்தி நேரம், சூடு, கையெழுத்து. நான் திருப்பினால் நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். பதினொரு மணிக்குப் போட்டேன். தெளிவாக இல்லையென்று மறுபடி போடச் சொன்னார்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா காக் ரோஸ் வேலியோரம் வந்தார். நோன்பு மாதம், சாயங்காலத்துக்குக் கஞ்சி காய்ச்சுகிறார். எங்களுக்கும் ஒரு தூக்கு. கோழி போனதற்கு வருத்தப்பட்டார். அப்புறம் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். நேற்று விடியுமுன் நோன்புச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது எங்கள் கோழிக்கூட்டில் டார்ச் வெளிச்சம் பார்த்தாராம். நான்கு மணி இருக்குமாம்.

அப்படியா என்றேன். உள்ளே வந்தேன். இவர் முட்டை திருப்பிக்கொண்டிருந்தார், மூச்சுக்கூட விடாமல். டார்ச்சைப் பற்றி நான் கேட்கவில்லை.


மார்ச் 12, வியாழன்

மத்தியானம் நல்ல மழை. வாளி எல்லாம் வெளியே வைத்தேன்.

டார்ச்சில் முட்டை பார்த்தோம். ஜன்னலைச் சாத்தி, கைபேசி வெளிச்சத்தை அடியில் பிடித்து. இரண்டு வெறும் முட்டை, உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது. எடுத்துவிட்டோம். ஐந்தில் சிவப்பு நரம்பு ஓடுகிறது. ஒன்றில் கறுப்பாக ஏதோ அசைந்தது. இவர் கையைப் பிடித்துக்கொண்டார், என் கையை. எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டேன்.

வெளிச்சத்தை அணைத்த பிறகு சொன்னார்.

"கொண்டி கழலல, செல்வி. நான்தான் தொறந்தேன்."

தெரியும் என்று சொல்லவில்லை.

"மூணரைக்கு முழிப்பு வந்துருது. எவ்ளோ புரண்டு பாத்தாலும் தூக்கம் இல்ல. நீ தூங்குற. எழுப்ப மனசு வரல. கோழியாச்சும் எழுந்திருக்கட்டுமேன்னு தொறந்துட்டு உள்ள வந்து காப்பி போட்டேன் லா. இருட்டுல முசாங் நிக்கும்னு தோணவே இல்ல."

இருபத்தாறு வருடம் மூன்றரைக்கு எழுந்து நாலேகால் பஸ்ஸைப் பிடித்த உடம்பு. யாரைத் திட்டுவது? கோழி பாவம். இவரும் பாவம்.

குறிப்பு: நன்றாக வெளுத்த பிறகே கூடு திறக்க வேண்டும். கதவுக்கு இரண்டு கொண்டி.


மார்ச் 13, வெள்ளி

மேகம். துணி காயவில்லை.

நேற்று நான் சொல்லாமல் விட்டது. மூன்றரைக்கு நான் தூங்குவதில்லை. ஒருநாளும் தூங்கினதில்லை.

ஆரம்பத்தில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்தேன். மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது அவளும் எழுந்து அழுவாள். அவளைப் பார்த்து நானும். இவர், நீங்க ரெண்டு பேரும் எழுந்திருக்காதீங்க, எனக்குக் கால் நகர மாட்டேங்குது என்றார். அதற்குப் பிறகு ராத்திரியே சோறு கட்டி வைத்துவிடுவேன், விடியுமுன் கண்ணை மூடிக்கொள்வேன். இவர் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை வெறுங்காலில் நடப்பார், சத்தம் வராமல். அதையும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். கண்ணைத் திறந்தால் போகாதீங்க என்று சொல்லிவிடுவேன் என்று பயம்.

இப்போதும் அதே மாதிரிதான் படுத்திருக்கிறேன். இவர் தனியாகக் காப்பி குடிக்கிறார். கோழியை எழுப்பப் போயிருக்கிறார் மனுஷன். நான் ஒரு தடவை கண்ணைத் திறந்திருந்தால் புள்ளிக்கோழி இருந்திருக்கும்.


மார்ச் 15, ஞாயிறு

பேய்க்காற்று, மூன்று மணிக்கு. முருங்கைக் கிளை ஒன்று முறிந்தது. கரண்ட் போயிற்று.

பெட்டிச் சூடு இறங்க ஆரம்பித்தது. முப்பத்தாறு, முப்பத்தைந்து. காஸில் வெந்நீர் வைத்தேன். அதற்குள் இவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் மல்லாந்து படுத்தார். ஐந்து முட்டையையும் துண்டில் பொதிந்து வயிற்றின் மேல் வை என்றார். வைத்தேன். மேலே கம்பளி. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

சிரிக்க வைக்காதே, முட்டை உருண்டுவிடும் என்றார். நான் பேசாமல்தான் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கொக் கொக் என்று மட்டும் சொன்னேன். வயிறு குலுங்கியது. முட்டை உருளவில்லை.

ஒன்றரை மணி நேரம். அசையவே இல்லை. நடுவில் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டேன். மழை கூரையில் கொட்டியது, பேசினாலும் கேட்டிருக்காது. இந்த மனிதரை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது.

கரண்ட் வந்தது. பெட்டி பழைய சூட்டுக்கு வர முக்கால் மணி.


மார்ச் 16, திங்கள்

வெயில். முறிந்த கிளையில் இலை உருவி மூன்று வீட்டுக்குக் கொடுத்தேன்.

– பொரிக்க மூன்று நாள் இருக்கும்போது திருப்புவதை நிறுத்த வேண்டும். ஒரு நாள் தாமதமாகத்தான் நிறுத்தினோம்.
– தண்ணீர்க் கிண்ணம் இரண்டாக்க வேண்டும். ஈரம் போதாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.
– கூட்டுக்குச் சின்னக் கண் கம்பிவலை. கீழே ஒரு சாண் புதைத்து அடிக்க வேண்டும். பாதி அடித்தாயிற்று.

நாளை மறுநாள் 18. பதில் சொல்ல வேண்டிய நாளும் அதுதான். இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நீல யூனிஃபார்ம் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார். நான் எடுத்து மடித்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியில் வைத்தேன்.


மார்ச் 17, செவ்வாய்

ஒரு முட்டைக்குள் சத்தம். காதருகே வைத்துக் கேட்டோம், முதலில் இவர், பிறகு நான். கீச் என்று, ரொம்பத் தூரத்தில்.

வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.


மார்ச் 18, புதன்

வெயிலும் தூறலும் சேர்ந்து.

ஏழு மணிக்கு முதல் ஓட்டில் கீறல். பதினொன்றுக்கு ஒன்று வெளியே. ஈரமாக, அசிங்கமாக, தலையைத் தூக்க முடியாமல். பன்னிரண்டரைக்குள் இன்னும் இரண்டு. நான்காவது குஞ்சு ஓட்டில் ஒரு துளை போட்டுவிட்டு அப்படியே நின்றது. பிரித்து விடட்டுமா என்று இவர் துடித்தார். தொடக் கூடாது, அதுவாக வர வேண்டும் என்றேன். பெட்டி மேல் கவிழ்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதில் சத்தமே இல்லை.

இரண்டு மணிக்குப் போன் அடித்தது. திரையில் சூப்பர்வைசர் பேர். பார்த்தார். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"என்னம்மா சொல்றது அவருக்கு?" என்றார்.

கேட்டுவிட்டார். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னதைப் பதின்மூன்று நாள் கழித்துக் கேட்டார்.

உங்க இஷ்டம் என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. இத்தனை வருடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஈரக் குஞ்சு ஒன்று என் உள்ளங்கையில் இருந்தது, நெஞ்சு படபடவென்று அடிக்க. அதனுடையதா என்னுடையதா தெரியவில்லை.

"போகாதீங்க" என்றேன். "மூணரைக்கு நானும் முழிச்சுத்தான் இருப்பேன். எப்பவும் முழிச்சுத்தான் இருந்தேன். எனக்கு நீங்க வீட்டுல வேணும்."

இவர் பெட்டியிலிருந்து நிமிர்ந்தார்.

"இத்தன வருஷத்துல ஒரு தடவகூட சொன்னதில்லையே, செல்வி."

"சொன்னா நின்னுருப்பீங்க. அப்ப நிக்க முடியுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெட்கப்படாமல். கைபேசியை எடுத்து அந்த நம்பரையே அழுத்தினார். மணி போகும்போதே என் காதில் வைத்தார்.

"நீயே சொல்லு."

அந்த ஆளோடு நான் பேசினதே இல்லை. அந்த வேலை இடத்தில் என் பேர்கூட யாருக்கும் தெரியாது. மறுபக்கம் ஹலோ என்றது.

"சார், ஹீ நாட் கமிங்" என்றேன். வேறு இங்கிலீஷ் வரவில்லை.

மரியாதையாகத்தான் கேட்டார், "மேடம், யூ ஆர்?"

"வைஃப்" என்றேன்.