காற்று அடிக்காமல் போன வான்

அண்ணை,

நேற்று உங்கள் மகளின் காருக்குப் பனிக்கால டயர் பூட்டினோம். புது ரப்பர் வாசம் மூக்கில் ஏறியதுமே எனக்கு அந்தக் கலியாண நாள்தான் ஞாபகத்துக்கு வந்தது. கராஜ்காரர் நான்கு டயரிலும் காற்றை அளந்துவிட்டு, குளிருக்குக் காற்று தானாகவே இறங்கும், மாதம் ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்றார். உங்கள் மகள் பிரெஞ்சில் ஏதோ விளக்கம் கேட்டு போனில் குறித்துக்கொண்டாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பாரிசில், லா சப்பலில் விடியவே பனி கொட்டியிருந்தது. பாரிசுக்கு வெளியே கூசேன்வில் மண்டபத்தில் கலியாணம். சாப்பாடு முழுவதும் என் சாப்பாட்டுக்கடை வான் வண்டியில் ஏற்றியாயிற்று, ஓட்டப்போவது நீங்கள். வானில் கிடந்ததோ கோடைக்கால டயர். மாற்றச் சொல்லி எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்! பாரிசில் எங்கே பனி என்று நான்தான் தட்டிக்கழித்தேன்.

கடைக்குப் பின்சந்தில் பனிக்குள் சில்லு சும்மா சுற்றியதே தவிர வான் அசையவில்லை. ஊரில் மணலில் புதைந்தால் காற்றை இறக்கித்தானே வாகனத்தை எடுப்போம்? அந்த ஞாபகத்தில் நானே குந்தியிருந்து நான்கு டயரிலும் பாதிக் காற்றைத் திறந்துவிட்டேன். வான் வெளியே வந்துவிட்டது. எனக்கென்றால் சரியான புளுகம், ஏதோ சாதித்துவிட்ட சந்தோசம்.

நீங்கள் கண்ணாடியை இறக்கினீர்கள்.

"தம்பி, காத்தடிச்சுப்போட்டுப் போறன். இனி ஓட்டோரூட்டிலை எல்லோ ஓடவேணும்."

"மினக்கெடாதேங்கோ அண்ணை, பந்திக்கு நேரமாச்சு. அங்கை போய் அடியுங்கோ."

நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனீர்கள். ஓட்டோரூட் நெடுஞ்சாலை வளைவில் வான் இழுபட்டுத் தடுப்பில் மோதியது என்று மத்தியானம் பொலிஸ் சொன்னது.

செத்தவீட்டில் எல்லாரும் வேகத்தைத்தான் சொன்னார்கள். பனிக்குள்ளே ஏன் இந்த மனுசன் பறந்தவர் என்று உங்கள் மனைவி தலையில் அடித்து அழுதா. இன்றைக்கும் உங்களைத்தான் ஏசுகிறா. என்னிடம் வேலைசெய்த இத்தனை வருடத்தில் நீங்கள் வேகமாக ஓடி நான் ஒருநாளும் கண்டதில்லை. அதை அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி டயரைப் பற்றி வரும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று கராஜிலிருந்து திரும்பும்போது உங்கள் மகள்தான் ஓட்டினாள். றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"மாமா, அப்பா உண்மையா ஸ்பீடா ஓடினவரோ?"

காருக்குள் நாங்கள் இரண்டு பேர்தான், அண்ணை. வேறு ஒருவரும் இல்லை.

"ஓம் பிள்ளை, ஓடினவர்தான்," என்றேன்.

அவள் வேகத்தைக் குறைத்தாள்.