வளைவில் ஊன்றிய கால்

குட்டிமா,

சாப்பாடு மேடையில மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ. வண்டிச் சாவி சர்க்கரை டப்பா மேல இருக்கு. நேத்து அப்பா உன்கிட்ட பிடுங்கினதை நான்தான் திருப்பி வாங்கினேன். உண்மையைச் சொல்லித்தான் வாங்கினேன்.

நீ வண்டியைக் கீழ போடல. பின்னாடி உக்காந்திருந்த நான்தான் வளைவுல பயந்துபோய்க் காலை ஊனிட்டேன். அதுலதான் சாஞ்சுது. அப்பா கேட்டப்போ, "இவளுக்கு இன்னும் பேலன்ஸ் வரல"ன்னு கூசாம சொன்னேன். நீ என்னை ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிட்டே.

நம்ம வீட்டுல வண்டி கத்துக்குடுத்தவங்கதானே முதல் தடவை பின்னாடி உக்காரணும்? எனக்கு உன் தாத்தா உக்காந்தார். நான் நேரா வாசல் கேட்ல கொண்டுபோய் இடிச்சேன். "பிரேக்கை நான் சரியா பாக்கல"ன்னு பழியைத் தன் மேல போட்டுக்கிட்டார். அவர் பொண்ணுன்னு சொல்லிக்கவே வெட்கமா இருக்கு.

விழுந்ததுல உடைஞ்ச வண்டிக் கண்ணாடியை மாத்த மெக்கானிக் வருவார். கேட்டா, அம்மாதான் உடைச்சாங்கன்னு சொல்லு.

அம்மா

பி.கு: பஸ்லதான் போறேன். சாயங்காலம் ஆபீஸ் வாசலுக்கு வண்டியை எடுத்துட்டு வர்றியா? வரலைன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன். வந்தா, அதே வளைவு வழியா போலாம். இந்தத் தடவை காலைக் கீழ ஊன மாட்டேன்.