கறுப்புக் காரில் விழுந்த கீறல்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நலம். சித்தி வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

விடுமுறைக்குச் சேர்ந்திருக்கும் ஷோரூமில், விற்ற கார்களைக் கழுவித் துடைப்பதுதான் என் வேலை. நேற்று ஒரு கறுப்புக் காரைத் துடைக்கும்போது துணி தரையில் விழுந்துவிட்டது. மண் ஒட்டியிருந்தது எனக்குத் தெரியும்.

"உதறிட்டுத் தொடைம்மா. வேற துணி கேட்டு வாங்கறதுக்குள்ள காரே பழசாயிடும்" என்று மேலாளர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே துடைத்தேன்.

காரை வாங்கியவர் ஒரு தையல்கார அக்கா. கார் வெயிலுக்கு வந்ததும் அதன் மேலெல்லாம் வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிந்தன.

"என்னம்மா இது, ஊசியால இழுத்த மாதிரி?"

"புது பெயின்ட் அப்படித்தான் இருக்கும்க்கா. போகப் போகச் சரியாயிடும்" என்றேன்.

"படிக்கிற பொண்ணு, நீ சொன்னா சரிதான்" என்று என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அப்பா, அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நீங்கள் கவலைப்படாதீர்கள். அவர் கடை அடுத்த தெருவில்தான். இன்று மதியம் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன். வேலை போனால் போகட்டும்.

உங்கள் பழைய பருத்திச் சட்டை இரண்டு அனுப்புங்கள். வேலை மிஞ்சினால் கார் துடைக்க ஒன்று. இன்னொன்று எனக்கு; அதைத் துவைக்காமல் அப்படியே அனுப்புங்கள்.

சித்தி கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பி நிற்கிறார், இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் மகள்